வீட்டை இடிக்கணும், மனையை மட்டம் பண்ணணும்: ‘புல்டோசர்’ வாடகைக்கு எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் தாத்தா காலத்து வீடு ஒன்று இருக்கிறது. 20-க்கு 30 மனை, இரண்டு பக்கமும் ஒட்டின சுவர், முன்னால் குறுகிய கிராஸ் தெரு. அதை இடித்துவிட்டு புதிதாகக் கட்டலாம் என்று குடும்பம் முடிவெடுக்கிறது. அல்லது ஐடி சம்பளத்தில் ஓசூர் பக்கம் ஒரு மனை, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ஏக்கர் நிலம் வாங்கியாச்சு. முள்செடியை எடுத்து மட்டம் பண்ணணும். எந்த வேலையாக இருந்தாலும் முதலில் வரும் யோசனை ஒன்றுதான்: “ஒரு புல்டோசர் சொல்லிடலாம்.”

அந்த ஒரு போன் காலுக்கு முன்னால் சில கணக்குகளைப் போட்டுப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் பணம் மிச்சமாகும். அதைவிட முக்கியம், பக்கத்து வீட்டுச் சுவர் தப்பிக்கும்.

நாம் ‘புல்டோசர்’ என்று சொல்வது எதை?

செய்திகளில் ‘புல்டோசர்’ என்ற பெயரில் நாம் பார்க்கும் மஞ்சள் வண்டி பெரும்பாலும் புல்டோசரே இல்லை. வீடுகளை முறையான நோட்டீஸ் இல்லாமல் இடிக்கக் கூடாது, குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று தீர்ப்பளித்தது. அதை ‘புல்டோசர் தீர்ப்பு’ என்றே ஊடகங்கள் எழுதின. ஆனால் அந்தச் செய்திகளோடு வந்த படங்களில் நிறைய இடத்தில் இருந்தது ஜேசிபி.

வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகளை நான்காகப் பிரிக்கலாம்.

ஜேசிபி: முன்னால் அள்ளும் பெரிய பக்கெட், பின்னால் தோண்டும் கை, நான்கு டயர். இதன் முறையான பெயர் பேக்ஹோ லோடர். ஜேசிபி என்பது 1945-ல் இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் தொடங்கிய கம்பெனியின் பெயர். அவருடைய பெயரின் முதல் எழுத்துகள்தான் அது. இந்தியாவில் 1979-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டாக ஹரியானாவில் உற்பத்தியைத் தொடங்கியது. அதிகம் ஓடும் மாடல் ஏழரை டன் எடை. முன்பக்க பக்கெட்டின் அகலம் ஏழு அடிக்கு மேல்.

ஹிட்டாச்சி: செயினில் ஓடும், ஒரே ஒரு நீளமான கை, சுற்றிச் சுழலும். முறையான பெயர் எக்ஸ்கவேட்டர். ஜப்பான் கம்பெனியின் பெயரே ஊரில் வண்டியின் பெயராகிவிட்டது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எழுதும் ‘பொக்லைன்’ என்ற சொல்லும் அப்படித்தான். பொக்லைன் ஒரு பிரெஞ்சு கம்பெனி.

மினி ஹிட்டாச்சி: அதே வேலை, சின்ன உடம்பு. ஒன்றரை முதல் மூன்று டன் வரை எடை, மூன்றரை முதல் ஐந்து அடி வரை அகலம்.

டோசர்: இதுதான் உண்மையான புல்டோசர். செயினில் ஓடும், முன்னால் அகலமான இரும்புப் பலகை. தோண்டாது, அள்ளாது, மண்ணைத் தள்ளும், பரப்பும், அவ்வளவுதான். நம்ம ஊர் சங்கதி ஒன்று: இந்தியாவின் முக்கியமான டோசர் தயாரிப்பாளர் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட பெமல். 1964-ல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். டோசர்கள் தயாராவது தமிழர்கள் நிறைந்த கோலார் தங்கவயலில்.

எனக்கு எந்த வண்டி வேணும்?

இதை முடிவு செய்வது உங்கள் பட்ஜெட் இல்லை, உங்கள் தெரு. டேப் எடுத்து மூன்று அளவு எடுங்கள்: தெருவின் மிகக் குறுகிய இடம், திருப்பத்தின் அகலம், குறுக்கே போகும் ஒயர்களின் உயரம்.

ஸ்ரீராம்புரத்தின் உள் தெருக்களில் இரண்டு பக்கமும் பைக் நிற்கும். பத்து அடித் தெரு பைக் நின்றால் ஏழு அடி. அதற்குள் ஏழடி பக்கெட்டோடு ஜேசிபி வந்து திரும்ப முடியாது. அங்கே ஆட்களும் மினி ஹிட்டாச்சியும்தான் வழி. மெயின் ரோட்டை ஒட்டிய மனை என்றால் ஜேசிபி வரும்.

ஓசூரில் 30-க்கு 40 மனை என்றால் ஜேசிபி போதும். டோசர் எப்போது லாபம்? நிலம் ஏக்கர் கணக்கில் இருந்து, மேட்டு மண்ணை அதே நிலத்தின் பள்ளத்துக்குத் தள்ள வேண்டியிருந்தால்.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் சராசரியாக அரை அடி மண்ணை நகர்த்தினால் 21,780 கன அடி, அதாவது சுமார் 617 கன மீட்டர். ஜேசிபியின் முன்பக்க பக்கெட் ஒரு முறைக்கு சுமார் ஒரு கன மீட்டர் அள்ளும். அப்படியென்றால் 600 முறைக்கு மேல் அள்ளி, பின்னால் வந்து, திரும்பி, கொட்ட வேண்டும். டோசர் அதை நேராகத் தள்ளிக்கொண்டே போகும். தள்ளும் தூரம் 100 மீட்டருக்குள் இருக்கும்வரை இந்த வேலையில் அதை அடிக்க ஆளில்லை. தூரம் அதைத் தாண்டினால் டிப்பரில் ஏற்றிப் போவதுதான் சிக்கனம்.

ஆனால் டோசர் ரோட்டில் ஓடாது. தாழ்வான ட்ரெய்லரில் ஏற்றி வர வேண்டும். வந்த செலவும் திரும்பிப் போகும் செலவும் உங்கள் தலையில். ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் வாடகை கொடுத்த மாதிரி ஆகிவிடும். அரை ஏக்கருக்குக் கீழே டோசரை நினைக்கவே வேண்டாம்.

வாடகையை எப்படிக் கணக்கு பண்றாங்க?

ஜேசிபிக்கு மணிக் கணக்கு. டீசலும் ஆபரேட்டரும் வாடகைக்குள் அடங்கும் என்பதுதான் பொதுவான வழக்கம். ஆனாலும் கேட்டுவிடுவது நல்லது. பேசும்போது தெளிவுபடுத்த வேண்டியவை இவை:

மினிமம் எத்தனை மணி நேரம்? ஒரு மணி நேர வேலைக்குக் கூப்பிட்டாலும் இரண்டு, மூன்று மணி நேர வாடகை கேட்பது சகஜம்.

மீட்டர் எங்கிருந்து ஓடும்? வண்டி நிற்கும் ஸ்டாண்டில் இருந்தா, உங்கள் மனையில் பக்கெட் மண்ணைத் தொட்டதில் இருந்தா? வண்டியில் ஹவர் மீட்டர் இருக்கும். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகராறே வராது.

பிரேக்கர் தனியா? கான்கிரீட் உடைக்கும் பிரேக்கரை மாட்டினால் மணி வாடகை ஏறும்.

ஆபரேட்டர் பேட்டா, சாப்பாடு யார் கணக்கு? பில் வேண்டுமா? பில் போட்டால் 18% ஜிஎஸ்டி சேரும். வீட்டுக் கடன் வாங்கிக் கட்டுபவர்களுக்கு பில் தேவைப்படலாம். அதை முதலிலேயே சொல்லுங்கள்.

“மணிக்கணக்கு எதுக்கு சார், மொத்தமா பேசிக்கலாம்” என்றும் சொல்வார்கள். என்னென்ன வேலை என்று எழுத்தில் இருந்தால் மொத்தமாகப் பேசுவது நல்லது. இல்லையென்றால் மேலே தெரியும் கல்லை எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் பழைய அஸ்திவாரத்தை அப்படியே மூடிவிட்டுப் போகும் வாய்ப்பு இருக்கிறது. ஆறு மாதம் கழித்து பில்லர் குழி தோண்டும்போதுதான் அது தெரியவரும்.

பணம் உண்மையில் எங்கே போகுது?

வாடகை ரேட்டில் 100 ரூபாய் குறைக்கப் பேரம் பேசுகிறோம். ஆனால் பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது: ஜேசிபி சும்மா நிற்கும் நேரம்.

ஸ்ரீராம்புரத்தின் அந்த 20-க்கு 30 வீட்டையே எடுத்துக்கொள்வோம். தரைத்தளம் மட்டும். உள்சுவர், வெளிச்சுவர் எல்லாம் சேர்த்து 130 அடி நீளம், முக்கால் அடி கனம், பத்தடி உயரம் என்று வைத்தால் 975 கன அடி. ஐந்து இன்ச் கான்கிரீட் கூரை 250 கன அடி. தரையும் அதற்கடியில் அரை அடியும் 300 கன அடி. மொத்தம் 1,525 கன அடி. இது இடிக்கும் முன். இடித்தபின் இடைவெளிகளோடு குவியும்போது ஒன்றரை மடங்காகும் என்று வைத்தால் சுமார் 2,290 கன அடி. 200 கன அடி பிடிக்கும் டிப்பரில் 12 லோடு.

இப்போது மெயின் ரோட்டு மனை என்றும், ஜேசிபி வந்து ஏற்றுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு டிப்பரை நிரப்ப 10 நிமிடம். டிப்பர் போய்க் கொட்டிவிட்டு வர பெங்களூரு டிராஃபிக்கில் 60 நிமிடம். மணி வாடகை 1,300 ரூபாய் என்பது உதாரணத்துக்கு.

ஒரே ஒரு டிப்பர் என்றால்: ஒரு லோடுக்கு 70 நிமிடம், 12 லோடுக்கு 14 மணி நேரம். ஜேசிபி வாடகை 18,200 ரூபாய். அதில் ஜேசிபி உண்மையாக வேலை செய்தது 2 மணி நேரம்தான்.

மூன்று டிப்பர் என்றால்: 70 நிமிடத்துக்கு மூன்று லோடு, 12 லோடுக்கு 4 மணி 40 நிமிடம். வாடகை சுமார் 6,070 ரூபாய்.

டிப்பருக்கு லோடு கணக்கில்தான் காசு என்பதால் அந்தச் செலவு இரண்டிலும் ஒன்றே. வித்தியாசம் 12,000 ரூபாய்க்கு மேல். எனவே ஜேசிபி ரேட்டைக் கேட்கும் முன், டிப்பர் எத்தனை வரும், எங்கே கொட்டும், எந்த நேரத்தில் தெருவுக்குள் வரலாம் என்று கேளுங்கள். பீக் ஹவரில் கனரக வண்டிகளுக்கு டிராஃபிக் போலீஸ் கட்டுப்பாடு உண்டு. அதைக் கணக்கில் எடுக்காமல் காலை எட்டு மணிக்கு ஜேசிபியை வரவைத்தால், அது சும்மா நின்று மீட்டர் ஓட்டும்.

ஒட்டின சுவர் வீட்டை வண்டியால் இடிக்கலாமா?

நேராக இடிக்கக் கூடாது. பழைய பகுதிகளில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர் இருப்பது சாதாரணம். ஏழரை டன் வண்டி உங்கள் பக்கம் கூரையை இழுத்தால், அதே கூரை பக்கத்து வீட்டுச் சுவரையும் பிடித்திருக்கலாம். கட்டடம் இடிப்பதற்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 4130. அதன் அடிப்படை எளிமையானது: மேலிருந்து கீழாக, தளம் தளமாக இடிக்க வேண்டும். ஒட்டின பக்கத்தில் இரண்டு மூன்று அடிக்கு ஆட்களை வைத்து கையால் வெட்டிப் பிரித்த பிறகு, நடுவில் இருப்பதை மட்டும் வண்டியிடம் விடுவது பாதுகாப்பு.

அஸ்திவாரம் தோண்டுவது இன்னும் ஆபத்தான கட்டம். 2020 பிப்ரவரியில் பெங்களூரு ஹெப்பாள் கெம்பாபுராவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்தது. பக்கத்து மனையில் தோண்டிய பள்ளம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னை வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டிய ஆழமான பள்ளத்துக்குள் பக்கத்து நிலம் சரிந்து இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

தோண்டும் வேலைக்கான ஐஎஸ் 3764 விதிப்படி, 1.5 மீட்டரைத் தாண்டும் மண் பள்ளத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டும் அல்லது சரிவாக வெட்ட வேண்டும். அதாவது ஐந்து அடி. பில்லர் குழி பெரும்பாலும் அந்த ஆழத்துக்கு வந்துவிடும். ஒட்டின சுவர் பக்கம் முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்காமல் விட்டு விட்டுத் தோண்டி, கான்கிரீட் போட்டு, அடுத்ததுக்குப் போக வேண்டும். மழை மாதத்தில் இதைத் தொடங்காமல் இருப்பது உத்தமம். இதை முடிவு செய்ய வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். ஆபரேட்டர் அண்ணா எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அஸ்திவாரம் எங்கே நிற்கிறது என்பது அவர் சீட்டில் இருந்து தெரியாது.

வேலைக்கு முன் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து அவர் வீட்டுச் சுவர்களை வீடியோ எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் விரிசல் எது, புதிது எது என்பதற்கு அதுதான் சாட்சி. இரண்டு பேருக்கும் நல்லது.

பழைய ஷீட் கூரை இருந்தால்?

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வண்டியால் நொறுக்கவே கூடாது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உடைந்தால் வரும் நுண்ணிய இழைகள்தான் ஆபத்து; ஒட்டின வீடுகளில் அது நேராகப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகும். நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். இறக்குபவர்களுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், கர்சீப் போதாது.

தோண்டும் முன் யாரிடம் சொல்லணும்?

மின்சாரத்துக்கு பெஸ்காம், தண்ணீர் மற்றும் கழிவுநீர் இணைப்புக்கு பெங்களூரு குடிநீர் வாரியம், பைப் கேஸ் இருந்தால் அந்த நிறுவனம். இணைப்பைத் துண்டித்தபிறகே இடிக்க வேண்டும். ‘மெயின் ஆஃப் பண்ணியாச்சு’ என்பது துண்டிப்பு ஆகாது. மீட்டர்வரை வரும் ஒயரில் கரண்ட் இருக்கும்.

முன்யோசனை இல்லாமல் தோண்டுவதால் கேபிள்கள் அறுந்து ஆண்டுக்கு சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்பது மத்திய அரசின் கணக்கு. அதற்காகத்தான் 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலி வந்தது. தெருவில் குழாய்க்காகவோ செப்டிக் இணைப்புக்காகவோ தோண்டுவதாக இருந்தால் அதில் முன்கூட்டியே தகவல் சொல்லலாம்.

மரம் இருந்தால், கர்நாடகாவில் 1976-ம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும். சொந்த மனையில் நிற்கும் மரத்துக்கும் இது பொதுவாகப் பொருந்தும்.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை குடியிருப்புப் பகுதியில் சத்தம் போடும் கட்டுமான இயந்திரங்களை இயக்க ஒலி மாசு விதிகளில் தடை இருக்கிறது. “ராத்திரியில் டிராஃபிக் இருக்காது, முடிச்சிடலாம்” என்று யாராவது சொன்னால், பிரேக்கர் சத்தத்துக்கு அது பொருந்தாது என்று சொல்லுங்கள்.

இடிபாட்டை எங்கே கொட்டுவது?

மேலே பார்த்த அந்தச் சின்ன வீட்டின் எடையைக் கணக்குப் போட்டால் 80 டன்னைத் தாண்டுகிறது. இது ஏன் முக்கியம்? 2016-ம் ஆண்டு கட்டுமான இடிபாட்டுக் கழிவு விதிகள், ஒரு நாளில் 20 டன் அல்லது ஒரு மாதத்தில் 300 டன் கழிவு உண்டாக்குபவரைப் ‘பெரிய அளவில் உண்டாக்குபவர்’ என்றன. அப்படிப்பட்டவர் கழிவைப் பிரித்து வைத்து, உள்ளாட்சியிடம் முன்கூட்டியே திட்டம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்றும் அவை கூறின. 600 சதுர அடி வீட்டை ஒரே நாளில் இடித்தால் அந்த எல்லையை நான்கு மடங்கு தாண்டுகிறீர்கள்! 2025-ல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், வார்டு இன்ஜினியரிடம் இப்போதைய நிபந்தனையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரையிலோ ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாயிலோ கொட்டும் டிப்பர்காரர் லோடுக்கு 200 ரூபாய் குறைவாகக் கேட்பார். அடுத்த மழையில் அந்தத் தண்ணீர் யாரோ ஒருவர் வீட்டுக்குள் வரும். கொட்டும் இடத்தின் ரசீதைப் பார்த்துப் பணம் கொடுங்கள்.

மனையை உயர்த்த எவ்வளவு மண் வேணும்?

30-க்கு 40 மனையை இரண்டு அடி உயர்த்தணும் என்றால் 2,400 கன அடி. ஆனால் டிப்பரில் வருவது தளர்ந்த மண், அழுத்தியபின் சுருங்கும். கால் பங்கு கூட்டினால் 3,000 கன அடி, அதாவது 30 யூனிட். 200 கன அடி டிப்பரில் 15 லோடு.

மொத்த மண்ணையும் ஒரே நாளில் கொட்டி, ஜேசிபியை மேலே இரண்டு ரவுண்டு ஓட்டிவிட்டு “செட் ஆயிடும்” என்று சொல்வதை நம்பாதீர்கள். ஆறு முதல் ஒன்பது இன்ச் வரை பரப்பி, தண்ணீர் விட்டு, ரோலர் அல்லது தட்டும் மெஷினால் அழுத்தி, அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும். இல்லையென்றால் டைல்ஸ் போட்ட பிறகுதான் தரை இறங்க ஆரம்பிக்கும்.

மட்டம் என்றால் தட்டையாக இருப்பது என்று அர்த்தம் இல்லை. வீட்டை விட்டு வெளியே தண்ணீர் ஓட, 100 அடிக்கு ஒரு அடி சரிவாவது வேண்டும். 40 அடி மனையில் அது ஐந்து இன்ச். கண் அளவில் பார்க்காமல் ட்யூப் மட்டம் வைத்துப் பாருங்கள். உங்கள் மனைத் தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகாமல் தெருக் கால்வாய்க்குப் போகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நிரப்பும் சாதாரண மண்ணும் சட்டப்படி சிறு கனிமம்தான். 2000-ம் ஆண்டு முதல் அப்படி. அனுமதிச் சீட்டு இல்லாத லோடு பிடிபட்டால் வேலை நின்றுவிடும். அதே சமயம், அஸ்திவாரத்துக்காகத் தோண்டிய மண்ணை அதே மனையில் பயன்படுத்தினால் ராயல்டி கேட்க முடியாது என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் புனே கட்டுநர்கள் வழக்கில் எடுத்தது. அதனால் தோண்டிய மண்ணை அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். காசு கொடுத்து வெளியே அனுப்பி, பிறகு காசு கொடுத்து மண் வாங்குவது நிறையப் பேர் செய்கிற வேலை.

ஊர் நிலத்தில் முள்செடி எடுப்பதற்கு?

சீமைக் கருவேலத்தை மேலே மட்டும் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். அதற்குப் பின்பக்கக் கை உள்ள ஜேசிபி சரி. டோசர் விட்டால் மேல்மண்ணையும் சேர்த்துச் சுரண்டிவிடும். விவசாயம் பண்ணும் யோசனை இருந்தால், மேலே இருக்கும் அரை அடி மண்ணைத் தனியாக ஒதுக்கிவைத்து, மட்டம் பண்ணிய பிறகு திரும்பப் பரப்பச் சொல்லுங்கள். அந்த மண் போனால் திரும்ப உருவாகப் பல தலைமுறை ஆகும். சர்வேயர் கல் எங்கே இருக்கிறது என்று வண்டி இறங்கும் முன்பே சுண்ணாம்பு போட்டுக் குறித்துவிடுங்கள். கல் புதைந்தால் எல்லைத் தகராறு ஆரம்பம்.

போன் பண்ணும்போது கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. என்ன மாடல், அகலம் எவ்வளவு? தெருவை ஒரு தடவை வந்து பார்ப்பீர்களா?

2. மினிமம் எத்தனை மணி நேரம், மீட்டர் எங்கே தொடங்கும்?

3. டிப்பர் எத்தனை, எங்கே கொட்டுவீர்கள், ரசீது கிடைக்குமா?

4. ஆபரேட்டருக்கு லைசென்ஸும், வண்டிக்கு ஆர்சி, இன்சூரன்ஸும் நடப்பில் இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா?

5. ஆபரேட்டரோடு கீழே நின்று கை காட்ட ஒரு ஹெல்ப்பர் வருவாரா?

6. பக்கத்து வீட்டுக்கோ ஒயருக்கோ சேதம் வந்தால் யார் பொறுப்பு? ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து போடலாமா?

7. பிரேக்கர், பேட்டா, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?

ஐந்தாவது கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜேசிபி ஆபரேட்டருக்குப் பின்னால் நிற்கும் குழந்தை தெரியாது. ஸ்ரீராம்புரம் மாதிரி இடத்தில் வண்டி வந்தால் தெருவே வேடிக்கை பார்க்க வரும். இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஒரு ஆளை நிறுத்துவதற்கு ஆகும் ஒரு நாள் கூலிதான் இந்த மொத்தக் கணக்கிலேயே மிகக் குறைந்த செலவு.